மாமனாரின் பதினேழரை அடிக் காருக்கு நான் மாட்டிய பெல்ட்

எனக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு மாத்திரை கிடையாது. யாராவது என் காதுபட ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. துக்க வீட்டில் திருத்தியிருக்கிறேன். (எண்பது வயது வாழ்ந்தவர் என்று சொல்லி அழுதுகொண்டிருந்த மூத்த மகனிடம், எழுபத்தெட்டுதான் முடிந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.) பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பாவத்தையும் சேர்த்து அன்று கூடுதலாக ஜெபம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிழைப்புக்குக் காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. மற்ற நேரத்தில் குறித்து வைப்பது. எங்கள் தெருவுக்கு முதல் கிரைண்டர் எந்த மாதம் வந்தது, தேவகோட்டை பஸ்ஸில் டிக்கெட் எப்போதெல்லாம் ஏறியது, எந்த வருஷம் எந்தக் கண்மாய் உடைந்தது எல்லாம் பதினொரு நோட்டுகளில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருவேன்.

இப்படிப்பட்டவனுக்குப் பழம்பொருள் வியாபாரி மாமனாராக வாய்த்ததை என்னவென்று சொல்வது?

செல்வியை நான் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். நாங்கள் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். இரண்டு பக்கமும் வர மறுத்ததில் மட்டும் ஒற்றுமை இருந்தது. ஆறு மாதம் கழித்து அத்தை மனம் இளகி வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். மாமனார் கருப்பையா என்னை வீட்டுக்குள் விட்டார், பேச்சுக்குள் விடவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே செல்வியைப் பார்த்து, "அவுகளுக்கு இன்னும் ரெண்டு இட்லி வைய்யி" என்பார். செல்வி இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். கடையில் ஆளுயரத்துக்கு ஒரு மர யாளி உண்டு. அங்கே அதனிடம் சொல்வார். "காபி ஆறுது, குடிக்கச் சொல்லு" என்று அவர் சொல்ல, நான் யாளியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குடிப்பேன்.

அந்தக் கடை வாசலையும் நானே மூடிக்கொண்டேன். ஒரு நாள் சென்னைத் தம்பதி ஒன்று எனாமல் தூக்குச்சட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உருகிக்கொண்டிருந்தது. மாமனார், "நூறு வருசத்துச் சாமான். ரங்கூன்ல இருந்து வந்தது" என்றார். நான் சட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் 1962 என்று அச்சு இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். தம்பதி சட்டியை வைத்துவிட்டுப் போன பிறகு மாமனார் யாளியின் பக்கம் திரும்பினார். பிறகு, "இவுக இனிமே கடைப் பக்கம் வரவேணாம்னு சொல்லிரு" என்றார். யாளி எதுவும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம்தான் கார் வந்தது. வந்தது என்றால் ஏற்கெனவே இருந்தது, என் வாழ்க்கைக்குள் அப்போதுதான் வந்தது.

ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது கதவு, நிலை, தூண் என்று மொத்தமாக விலை பேசியிருந்தார் மாமனார். கொட்டகையையும் காலி செய்துகொடுக்க வேண்டும் என்பது பேச்சு. உள்ளே நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இந்த அமெரிக்கக் கார் நின்றிருக்கிறது. பதினேழரை அடி நீளம். (டேப் வைத்து அளந்தேன்.) ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இடம் போதாமல் யாரும் சண்டை போட்டுக்கொள்ளவே முடியாத வண்டி. தன் வீட்டுக் கொட்டகைக்கு இழுத்து வந்து, சேவியர் அண்ணன் என்ற மெக்கானிக்கை வைத்து நான்கு வருஷம் அதைப் பழுது பார்த்தார் மாமனார். தெருவில் மற்ற கடைக்காரர்கள், "என்ன கருப்பையா, கப்பல் எப்ப மிதக்கப் போகுது?" என்று தினமும் கேட்பார்களாம். அதை விற்றுக் காட்டினால்தான் அவருக்குத் தெருவில் தலை நிமிரும்.

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை எடுத்து ஓட்டல் ஆக்குகிறாராம். ஸ்டேஷனுக்குப் போய் விருந்தாளிகளை அழைத்து வர இந்த மாதிரி வண்டிதான் வேண்டுமாம். வண்டியின் வரலாற்றை எழுத்தில் கொடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

எழுத்தில் என்றதும் மாமனார் திகைத்துவிட்டார். அவர் வாழ்நாளில் எதையும் எழுத்தில் கொடுத்ததில்லை. விலையைக்கூட வாயால் சொன்னதில்லை. அவருடைய அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கத்தை மகன் தேக்குக் கதவுக்கும் பீங்கான் ஜாடிக்கும் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. தெரியக்கூடாது. அதுதான் அவர் தொழிலின் உயிர்.

செல்வி எனக்காகப் பேசினாள். வண்டியின் தகட்டில் உள்ள நம்பரைப் படித்து இணையத்தில் தேடி ஒழுங்காக எழுத இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். மாமனார் சுவரைப் பார்த்து, "எழுதட்டும். ஆனா பேச வேணாம்" என்றாராம். என்னிடம் வந்து செல்வி சொன்னாள்:

"இதுதான் சந்தர்ப்பம். வண்டி வித்துட்டா எங்க அப்பா உங்ககூடப் பேசிருவாரு. பதினாலு மாசமாச்சு."

"பதினாலு மாசம் ஒன்பது நாள்" என்றேன்.

"இந்த ஒன்பது நாளத்தான் நீங்க விடணும்" என்றாள்.

நான் மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். (ஒரு சொந்தக்காரர் சாவுக்குக்கூட அரை நாள்தான் எடுத்திருந்தேன்.) மாமனார் அந்த வண்டியை ஐம்பத்தெட்டாம் வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தகட்டைத் தேய்த்துப் பார்த்ததில் அது அறுபத்து மூன்று. ஐந்து வருஷம் எங்கே போயிற்று என்று அவரைக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நான் திருந்தியிருந்தேன்.

அந்த மூன்று நாளில் அமெரிக்கப் பெரிய கார்களைப் பற்றி ஒரு மனிதன் தெரிந்துகொள்ளக்கூடிய எல்லாவற்றையும், தெரிந்துகொள்ளத் தேவையில்லாத எல்லாவற்றையும் படித்தேன். அந்தக் காலத்தில் அங்கே கார் விற்ற விதம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடிப்படை விலை என்று ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ரேடியோவுக்குத் தனி. டாஷ்போர்டில் முட்டினால் மண்டை உடையாமல் இருக்க மெத்தை வைப்பதற்குத் தனி. இடுப்பு பெல்ட்டுக்கும் தனி. உயிர் வேண்டுமென்றால் கூடுதல் செலவு. அடுத்த மாடலான அறுபத்து நான்கில்தான் முன் இருக்கைக்கு பெல்ட் பொதுவாக வண்டியோடு வர ஆரம்பித்திருக்கிறது.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. நம் வண்டியில் பெல்ட் இல்லை. பெல்ட் மாட்டிவிட்டால் பாதுகாப்பு வசதி சேர்ந்த வண்டி ஆகிவிடும். விலை ஏறும். மாமனார் மனம் குளிர்வார். நான் இட்லியை நேரடியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

உடைந்து கிடந்த வேன் ஒன்றிலிருந்து இரண்டு பெல்ட் வாங்கினேன். சேவியர் அண்ணனிடம் சொன்னபோது அவர் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வந்து நானே போட்டுத் தாரேன். நீங்க தொடாதீக" என்றார். பார்ட்டி வருவது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே சனிக்கிழமை மதியம் அவருடைய டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், காரின் தரையில் நானே நான்கு ஓட்டை போட்டேன்.

நான்காவது ஓட்டையின்போது மட்டும் சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. வேறு யாராக இருந்தாலும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருப்பார்கள். நான் நோட்டை எடுத்து, 'மணி 4.25. நான்காம் ஓட்டை. சத்தம் வேறு' என்று குறித்தேன். குறித்துவிட்டதும் அந்த விஷயம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. போல்ட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை பத்தே காலுக்குக் கோயமுத்தூர்க்காரர் மனைவியோடு வந்தார். வெள்ளை வேட்டி, கனமான குரல். மனைவியை அம்மணி என்று கூப்பிட்டார். மாமனார் கொட்டகைக் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே போய் வண்டியின் பச்சையிலும் குரோமியத்திலும் விழுந்தபோது அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பின்பக்கச் சிறகிலிருந்து முன்பக்க விளக்குவரை ஒரு தடவை நடந்தார். அதற்கே நேரம் ஆயிற்று.

"ஏனுங்க, துண்டு போட்டுப் பேசறதுங்களா?" என்று அவரே கேட்டார். அவர்கள் வீட்டிலும் மாட்டுச் சந்தைப் பழக்கம் உண்டாம். மாமனார் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. தோள் துண்டு இரண்டு கைகளின் மேல் விழுந்தது. உள்ளே விரல்கள் பேசத் தொடங்கின. கோயமுத்தூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் கூரையைப் பார்த்தார்.

நான்கு நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாவுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். என் கையில் இருந்த ஆறு பக்கக் குறிப்பைப் பார்த்து, புதுசில் இந்த வண்டி என்ன விலை என்று சாதாரணமாகக் கேட்டார்.

புதுசில் என்றாலே எந்த வருஷம் என்பது வந்துவிடுகிறது. நான் என்ன செய்வேன்?

அடிப்படை விலை மூவாயிரம் டாலருக்கும் குறைவு என்றேன். அறுபத்து மூன்றில் டாலர் ஐந்து ரூபாய்க்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மனக்கணக்குப் போடுவதற்குள் நானே போட்டு, "ஆக, பதினாலாயிரம் ரூபாய்க்குள்ளதாங்க" என்று முடித்தேன். தெளிவாக, நிதானமாக, வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். (அந்தக் காலத்துச் சுங்கவரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். அது வண்டி விலையையே தூக்கிச் சாப்பிடக்கூடியது. ஆறு பக்கத்தில் அது மட்டும் இல்லை.)

துண்டு அசைந்தது. உள்ளே நீண்டிருந்த ஒரு விரல் மடங்கியது துணிக்கு மேலேயே தெரிந்தது. பிறகு இன்னொன்று. மாமனார் கூரையிலிருந்து கண்ணை இறக்கி என் பக்கம் திரும்பாமல் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்திருந்தால் ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். கொட்டகையில் சிமெண்டு போட்டிருந்தார்கள்.

ஆனால் கெட்ட நேரத்திலும் ஒரு நல்ல நேரம் உண்டு. அந்த அம்மா காரின் முன்கதவைத் திறந்தவர், "பெல்ட்டெல்லாம் இருக்குதுங்களே" என்று ஆச்சரியப்பட்டார். விருந்தாளிகளில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்களாம். பெல்ட் இல்லாத வண்டியில் ஏற மாட்டார்களாம். "பழைய வண்டியில இது கிடைக்காதுங்க. இதுக்கே தனியாக் குடுக்கலாம்" என்று கணவரிடம் சொன்னார். மடங்கிய விரல்களில் ஒன்று மறுபடி நிமிர்ந்தது.

அப்போது மாமனார் என்னைப் பார்த்தார். பேசவில்லை, பார்த்தார். மணி 10.52.

ஒரு ஓட்டம் போய்ப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சாயிற்று. அந்த அம்மா அரியக்குடிப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்றார். சரி, அங்குட்டே போவோம் என்றார் மாமனார். அவர் ஓட்ட, பக்கத்தில் கோயமுத்தூர்க்காரர். இரண்டு பேருக்கும் என் கையாலேயே பெல்ட்டை மாட்டிவிட்டேன். கொக்கி கொஞ்சம் துருவாக இருந்தது. அழுத்தியதும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. பின்னால் அந்த அம்மாவும் நானும். செல்வி கொட்டகை வாசலில் நின்றாள். நான் வண்டிக்குள் ஏறும்போது வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

வண்டி அற்புதமாக ஓடியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நீளமான முன்பக்கம் ரோட்டை விழுங்கிக்கொண்டு போக, டீக்கடைகளில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். மாமனார் கடைத்தெரு வழியாகவே ஓட்டினார். சுற்று வழிதான். கப்பல் மிதப்பதைத் தெரு பார்க்க வேண்டுமல்லவா? அவருடைய காதுமடல்கூடச் சந்தோஷமாக இருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அரியக்குடி ரோட்டில் திரும்பியதும் அந்த அம்மா கேட்டார், "தம்பி, வேற என்னென்ன சேஃப்டிங்க இதுல?"

செல்வியின் விரல் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவர் வாங்கப்போகிறவரின் மனைவி. மரியாதைக்காகச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஸ்டியரிங் தண்டில் ஆரம்பித்தேன். மோதும்போது தானாக மடங்கிக்கொள்ளும் தண்டு அறுபத்தேழு மாடலில்தான் வந்தது, இதில் அது ஒரே கம்பி, மோதினால் நேராக ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு வரும் என்றேன். ஓட்டுகிறவர் லேசாகப் பின்னால் சாய்ந்தார். தலை சாய்க்கும் மெத்தை அதற்கும் பிந்தியது. பிறகு பிரேக்குக்கு வந்தேன். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழி. அறுபத்தேழு வாக்கில்தான் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்ததால் ஒரு பக்கம் போனாலும் மறு பக்கம் பிடிக்கும் என்று விளக்கினேன்.

"அப்ப இதுல எங்காச்சும் ஒழுகுனா?" என்றார் அந்த அம்மா.

"மொத்தமும் போயிரும்" என்றேன்.

எதிரே டவுன் பஸ் ஒன்று வளைவில் வந்தது. மாமனார் பிரேக்கை மிதித்தார்.

அவருடைய முழங்கால் ஒரேயடியாக முன்னால் போனது. மறுபடி மிதித்தார். மறுபடியும் அப்படியே போனது. கை பிரேக்கை இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க நேரமில்லாததால் கோயமுத்தூர்க்காரர் மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். பஸ் எங்களை உரசாமல் போனது. நாங்கள் ரோட்டைவிட்டு இறங்கி, கருவேலஞ்செடிகளை மடக்கிக்கொண்டு, மாடு இறங்கும் சரிவில் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு ஊருணிக்குள் போனோம். யாரும் கத்தவில்லை. கத்தும் அளவுக்கு வேகம் இல்லை. நிதானமாக நடந்த விபத்து. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

நல்லவேளை, கோடைக் கடைசி. இடுப்பளவுத் தண்ணீர்தான். வண்டி முகத்தை நனைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இருந்த எங்களுக்குப் பெல்ட் கிடையாது. நான் முன் சீட்டின் முதுகில் முட்டியதில் மூக்குக் கண்ணாடி இரண்டாயிற்று. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவைத் திறந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரை ஏறிவிட்டார். முன்னால் இருந்த இருவரும் இறங்கவில்லை. கொக்கி திறக்கவில்லை. தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து சீட்டுக்கு ஏறியது. இரண்டு கௌரவமான மனிதர்கள் இடுப்பில் கட்டுண்டு, நேராகப் பார்த்தபடி, தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, தழை ஒடிக்கும் தொரட்டியோடு இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சாமி, கட்டிப்போட்டா கூட்டியாந்தீக?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் தொரட்டிக் கத்தியை உள்ளே விட்டு முதலில் விருந்தாளியின் பெல்ட்டை அறுத்தாள். இந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் இருந்த ஆறுதல் ஒன்றுதான்.

"ஆனா மாமா, பெல்ட் வேலை செஞ்சிருச்சு. ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. இதே அறுபத்தேழு மாடலா இருந்திருந்தா பாதி பிரேக்காவது..."

மாமனாரால் திரும்ப முடியவில்லை. பெல்ட். அதனால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் பதினைந்து நாள் ஆகியிருந்தது. சுவர் இல்லை, யாளி இல்லை, செல்வி இல்லை. முதல்முறையாக என்னிடமே பேசினார்.

"மாப்பிள்ளை," என்றார், மிகவும் மெதுவாக. "செத்த நேரம் பேசாம இருங்க."

இருந்தேன்.

டிராக்டர் வந்து வண்டியை இழுத்துக் கரை சேர்க்க மதியம் ஆகிவிட்டது. கோயமுத்தூர்க்காரர் ஈர வேட்டியோடு கரையில் நின்று, மடியில் வைத்திருந்த கை பிரேக்கை மாமனாரிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். பெரிய மனசு அவருக்கு. வண்டி ஓட வேண்டாம், ஓட்டலின் முகப்பில் அப்படியே நிறுத்திக்கொள்கிறேன், போட்டோ பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். ஈரத் துண்டு மறுபடி இரண்டு கைகளின் மேல் விழுந்தது. இந்த முறை யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் ஆடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தேன். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. என்ன விலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினொரு நோட்டுகளிலும் அந்த ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாமனாரின் தோள் தொங்கியிருந்ததை வைத்துப் பார்த்தால், தெரியாமல் இருப்பதே எனக்கு நல்லது.

திங்கட்கிழமை சேவியர் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்தார். என் நான்காவது போல்ட்டின் முனை பிரேக் குழாயில் முட்டிக்கொண்டு நின்றதாம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, அரியக்குடி ரோட்டில் வேலையை முடித்திருக்கிறது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் தரை விரிப்பை உரித்துக் காட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. நான் போட்ட ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பெல்ட் மாட்டுவதற்கென்றே கம்பெனிக்காரர்கள் ஓட்டை போட்டு, திருகு வெட்டி, ரப்பர் மூடியும் போட்டு வைத்திருந்தார்கள். எங்கோ கடல் தாண்டி, எவனோ ஒருவன், பின்னால் என்னைப் போல ஒருத்தன் வருவான் என்று எண்ணி ஏற்பாடு செய்திருக்கிறான். அதை நான் படித்தும் இருக்கிறேன். இரண்டாம் பக்கம், கடைசி வரி. அறுபத்திரண்டு முதல் அந்த ஓட்டைகள் உண்டு என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

செல்வி அன்று இரண்டு கேள்விதான் கேட்டாள். முதல் கேள்வி, அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என்ன செய்தீர்கள் என்பது. குறித்து வைத்தேன் என்றேன். இரண்டாவது கேள்வியை இங்கே எழுத முடியாது.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. செல்வி சொன்னது ஒரு வகையில் பலித்துவிட்டது. மாமனார் என்னோடு பேசுகிறார். பேசாமல் இருக்க அவருக்கு இப்போது தைரியம் இல்லை. கடைக்குப் பெரிய பார்ட்டி வருகிற நாளில் காலையில் முதல் போன் எனக்குத்தான்.

"மாப்பிள்ளை, இப்ப எங்குட்டு இருக்கீக?"

"தேவகோட்டையில, மாமா."

"எப்பத் திரும்புறீக?"

"சாயங்காலம் ஆயிரும்."

"நல்லது. அங்கனயே இருங்க" என்று வைத்துவிடுவார்.

எங்கள் இரண்டு குடும்பமும் இப்போது கல்யாணம், காதுகுத்து, திருமுழுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கூடுகிறது. நான் பந்தலுக்குள் நுழைந்ததும் எங்கிருந்தாவது ஒரு குரல், "மாப்பிள்ளை, அங்கனயே இருங்க" என்று கேட்கும். பந்தலே சிரிக்கும். அவர்கள் இது பத்து வருஷத்துக் கதை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு. நான் திருத்துவதில்லை.